கீழ ஆவணி மூல வீதிப் பக்கம் பெயர் வெட்டும் திண்ணை: பதினொரு பாத்திரமும் ஓர் அலுமினியத் தூக்கும்

மதுரையில், கீழ ஆவணி மூல வீதியிலிருந்து கீழ மாசி வீதிக்குப் போகும் சந்து ஒன்றில், ஒரு பாத்திரக் கடையின் வாசல் திண்ணைதான் நான் சொல்லப்போகும் இடம். கடை என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். பெயர்ப்பலகை கிடையாது. மடித்துப் போட்ட ஒரு சாக்கு, ஒரு மரக்கட்டை, தகர டப்பா நிறைய சிற்றுளிகள், உள்ளேயிருந்து இழுத்த ஒயரில் பெயர் வெட்டும் மிஷின். எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர், கூடவே அவருடைய பேரன். பாத்திரத்தில் பெயர் வெட்டித் தருவது மட்டும்தான் வேலை. ஒரு மாதத்தில் மூன்று முறை போய் வந்தேன். இப்படி ஓர் இடம் இன்னும் இருப்பது பலருக்குத் தெரியாது என்பதால் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு, போகப் போகச் சொல்கிறேன்.

எனக்கு வீடு பசுமலையில். அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். போன வருடம் அம்மா இறந்துவிட்டார், 84 வயது. துக்கம் ஒரு பக்கம் இருக்க, பரண் ஒரு பக்கம் இருந்தது. இறக்கி வைத்து எண்ணினால் 43 பாத்திரம். அக்கா, தங்கை, நான் மூன்று பேரும் நடுவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, அடியில் வெட்டியிருந்ததை வாய்விட்டு வாசித்தோம். அம்மா கல்யாணத்துக்கு வந்த பித்தளைக் குடம், அக்கா ஞானஸ்நானத்துக்கு யாரோ தந்த கிண்ணம், பாட்டியின் செம்பு. பாட்டி பைபிள் உமனாக, வீட்டுப் பெண்களுக்கு வேதம் வாசித்துச் சொல்ல, ஊர் ஊராக நடந்தவர். 1834-இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷனின் கடைசிக் காலத்தைப் பார்த்தவர். அந்தச் செம்பில்தான் வழியில் தண்ணீர் குடிப்பாராம். ஒரு டம்ளரில் மட்டும் எங்களுக்குத் தெரியாத இரண்டு எழுத்து. யோசித்து யோசித்துத் தங்கைதான் கண்டுபிடித்தாள்: பழைய வீட்டில் அடுத்த வாசலில் இருந்த பாய் வீட்டு டம்ளர். ரம்ஜான் கஞ்சியோடு வந்து திரும்பிப் போகாமல் எங்களோடு முப்பது வருடம் குடியிருந்திருக்கிறது. அந்த வீட்டுப் பெண்ணைத் தேடிப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தோம். அவள் டம்ளரை வாங்கி, வெட்டியிருந்த எழுத்தைக் கட்டைவிரலால் தடவியபடியே நின்றாள். தன் அம்மாவின் பெயரின் முதல் எழுத்து என்றாள்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தோம், பிரித்துக்கொள்ளும் பாத்திரங்களில் அம்மாவின் பெயரை வெட்டிவிடுவது என்று. கூடவே, ஆலயத்துச் சமையலறைக்கு ஒரு புதுத் தேக்சா வாங்கி, அம்மா நினைவாகக் கொடுப்பது. அசனத்துக்கு, அதாவது சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் விருந்துக்கு, சோறு வடிக்க எங்கள் ஆலயத்தில் பெரிய தேக்சா ஒன்று குறைவாகவே இருந்தது.

முதலில் வேறொரு கடையில்தான் கொடுத்தேன். எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. அம்மா பெயரின் நடுவில் ‘சௌ’ வரும். அவர்கள் ‘சு’ என்று வெட்டிக் கொடுத்துவிட்டார்கள். காட்டினேன். “ரெண்டும் ஒண்ணுதானே மேடம், கூப்பிடுறது ஒண்ணுதானே?” என்றார்கள். ஒன்று இல்லை. அம்மா தன் பெயரை எழுதும்போது அந்த எழுத்துக்கு மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வார். எல்ஐசி பாரத்தில் யாரோ ‘சு’ போட்டுவிட்டார்கள் என்று இரண்டு தடவை ஆபீஸுக்கு நடந்தவர். அந்தப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு திரும்பும்போது, ஆளையே தப்பாக அடக்கம் பண்ணிவிட்டு வருவது மாதிரி இருந்தது எனக்கு. பஸ்ஸில் ஒரு பெண்தான் இந்தத் திண்ணையைச் சொன்னார்.

சரி, வேலை எப்படி என்பதற்கு வருகிறேன்.

பெரியவர் உடனே வெட்டத் தொடங்க மாட்டார். முதலில் ஒரு துண்டுத் தாளும் பென்சிலும் தருவார். “நீங்களே எழுதுங்கம்மா, நான் கேட்டு எழுதினா தப்பு வரும்.” நாம் எழுதியதைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பி நம்மிடம் வாசித்துக் காட்டுவார். ‘சௌ’ வந்த இடத்தில் நிறுத்தி, “கொம்பு, அப்புறம் இந்தச் சின்ன ‘ள’, ரெண்டும் வரணும், இல்லையா?” என்று அவராகவே கேட்டார். அங்கேயே எனக்கு மனம் இறங்கிவிட்டது.

கூலி எழுத்துக் கணக்கு. மிஷினில் எழுத்துக்கு 3 ரூபாய், உளியால் கையில் வெட்டினால் 8 ரூபாய். புள்ளி வைத்த எழுத்துக்குக் காசு கிடையாது. அவருடைய அப்பா காலத்துப் பழக்கமாம். காரணம் கேட்டேன். “அது தனியா நிக்காது, இன்னொண்ணைப் பிடிச்சுக்கிட்டுத்தானே வருது” என்றார். தமிழ் இலக்கணத்தை இவ்வளவு சுருக்கமாக எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை.

எங்கே வெட்டுவது என்பதிலும் அவருக்குத் தீர்மானம் உண்டு. டம்ளரில் விளிம்பை ஒட்டி வெட்ட மாட்டார், உதட்டில் படும். அடுப்பில் ஏறும் பாத்திரத்துக்கு அடியில் வெட்ட மாட்டார், கரி ஏறி எழுத்து மூடிவிடும். தேக்சாவுக்குக் காதுக்குக் கீழே, தூக்குகிறவர் கண்ணுக்குத் தெரிகிற இடம். சாப்பாட்டுத் தட்டுக்குப் பின்பக்கம்தான். “முன்னால வெட்டினா சோத்துக்குள்ள பேர் போயிரும்மா.”

தேக்சாவுக்கு உளி வேலைதான் சொன்னேன். ‘நினைவாக’ என்று எழுதிக் கொடுத்ததும், “பழைய ‘னை’யா, புது ‘னை’யா?” என்று கேட்டார். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோதுதான் ‘னை’, ‘லை’, ‘ணை’ எல்லாம் இப்போதுள்ள வடிவத்துக்கு மாறின. அதற்கு முன்னால் யானைத் துதிக்கை மாதிரி மேலே சுருண்டு நிற்கும். அந்தச் சுருளை உளியால் வளைப்பது சாதாரண வேலை இல்லை. இப்போது கேட்பவர்களும் இல்லையாம், வெட்டத் தெரிந்தவர்களும் குறைவாம். அம்மா கடைசிவரை கடிதத்தில் துதிக்கைதான் போட்டார். பழையதையே வெட்டச் சொன்னேன். முக்கால் மணி நேரம் ஆனது. அந்த ஒரு எழுத்தைப் பார்ப்பதற்காகவே கடையிலிருந்து இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

மற்ற பத்துப் பாத்திரமும் எவர்சில்வர், பேரனின் மிஷின் வேலை. டீச்சர் புத்தி போகாதே, அதையும் உட்கார்ந்து பார்த்தேன். உள்ளே இருப்பது ஒரு மின்காந்தம். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு இழுப்பு, ஆக முனை நொடிக்கு 100 தடவை கொத்துகிறது. அந்த ‘ர்ர்ர்’ சத்தம் அதுதான். கீறினால் துருப்பிடிக்காதா என்று பக்கத்தில் நின்ற ஒருவர் கேட்டார். நல்ல எவர்சில்வரில் பிடிக்காது. அதில் குரோமியம் கலந்திருக்கிறது. கீறல் விழுந்த இடத்தில் காற்றுப் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் தானாகவே மறுபடி மூடிக்கொள்ளும். இதை எத்தனையோ பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். அம்மா பெயர் கீறப்படும்போது பார்த்ததுதான் முதல் தடவை.

பெரியவர் ஒவ்வொரு பாத்திரத்திலும் முதல் கொத்துக்கு முன்னால் உளியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். நெற்றியில் திருநீறு இருக்கும். அவர் கும்பிடுவது வேறு, நான் ஜெபிப்பது வேறு. ஆனாலும் அந்தத் திண்ணைப் படியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு பைபிளின் யாத்திராகமம்தான் திறந்தது. ஆசாரியன் ஆரோனின் தோளில் இரண்டு கோமேதகக் கல், ஒன்றில் ஆறு பெயர், மற்றதில் ஆறு பெயர். அந்தப் பெயர்களை ‘வெட்டுவாயாக’ என்றுதான் நம் தமிழ் வேதம் சொல்கிறது. அதே சொல்தான் இந்தச் சந்திலும். அப்புறம் பெசலெயேல். நான் இவனைத் தேவ ஆவியினால் நிரப்பினேன் என்று வேதத்தில் கடவுள் தாமே சொல்லும் முதல் மனிதன் அவன். கல் வெட்டவும் மரம் செதுக்கவும் பொன்னிலும் வெண்கலத்திலும் வேலை செய்யவும்தான் அந்த ஆவி. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் மோசே, யோசுவா, தாவீது என்று வரிசையாகச் சொல்லிக் கொடுக்கிறோம். கைவேலைக்காரனைத் தாண்டிப் போய்விடுகிறோம். நானும் அப்படித்தான் பத்து வருடம் சொல்லிக் கொடுத்தேன், அதற்காக வருந்துகிறேன்.

இனி அந்த இன்னொரு காரணம்.

இரண்டாவது முறை போனபோது அம்மாவின் அலுமினியத் தூக்கையும் எடுத்துப் போனேன். அது எங்கள் வீட்டுக் கைப்பிடி அரிசித் தூக்கு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: உலை வைக்க அரிசி அளந்ததும், அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாகப் போட்டுவிட வேண்டும். வாரக் கடைசியில் அது ஆலயத்துக்குப் போகும், அங்கே இல்லாதவர்களுக்கோ ஊழியச் செலவுக்கோ ஆகும். காசு இல்லாத வீட்டுப் பெண்களும் காணிக்கை கொடுக்க முடிந்தது இந்த வழியில்தான். மிசோரம் சபைகளிலும் நூறு ஆண்டுக்கும் மேலாக இதே வழக்கம் உண்டு.

அம்மா ஒருநாளும் தவறியதில்லை. அப்பாவுக்கு எட்டு மாதம் வேலை இல்லாமல் போனபோது இரவில் வெறும் கஞ்சிதான். அப்போதும் தூக்கில் கைப்பிடி விழும். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஒரு மத்தியானம் அம்மா இல்லாத நேரத்தில் அந்தத் தூக்கைத் திறந்து, இரண்டு கை அரிசி எடுத்து, வெறும் சட்டியில் வறுத்துத் தின்றேன். வாசனை காட்டிக்கொடுத்துவிட்டது. அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. “பசிச்சா என்கிட்ட கேளுடி. அது நம்மளது இல்ல” என்று மட்டும் சொன்னார். அன்று ராத்திரி தன் கஞ்சியை எனக்கு ஊற்றினார்.

தூக்கின் மூடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. காற்றுப் போக, புழு வராமல் இருக்க என்று நாங்களாகவே நினைத்திருந்தோம். மூடியின் உட்புறம் சொரசொரவென்று இருக்கும். பழசு, நசுங்கியது என்று விட்டுவிட்டோம். நான் கொண்டு போனது மூடியின் மேல் அம்மா பெயரை வெட்டத்தான். பெரியவர் மூடியைத் திருப்பி விரலால் தடவினார். வெயில் பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார். பிறகு விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து உட்புறம் முழுக்கத் தேய்த்து, துணியால் ஒரே இழுப்பாகத் துடைத்தார். குழிகளில் மட்டும் கரி நின்றது. கோணல் மாணலாகப் புள்ளிகள். க. ர். த். த.

“இது கடையில வெட்டினது இல்லம்மா. வீட்டுல யாரோ ஆணி வச்சுக் குத்தியிருக்காங்க. கீழ கட்டை குடுக்கல. அலுமினியம் பஞ்சு மாதிரி, பாருங்க, கடைசி எழுத்துல ஆணி அந்தப் பக்கம் போயிருச்சு. அதோட நிறுத்திட்டாங்க.”

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. ‘கர்த்தருடையது’ என்று எழுதத் தொடங்கியிருக்கிறார் அம்மா, பாதியில் ஓட்டை விழுந்துவிட்டது. மூடியைத் திறக்கிறவர் கண்ணுக்கு மட்டும் படுகிற இடம். நான் வறுத்துத் தின்ற அந்த வாரத்தில் குத்தினாரோ, அதற்கும் முன்னாலோ. எனக்காகவா, கஞ்சியும் இல்லாத நாளில் தன் கையைத் தானே தடுத்துக்கொள்ளவா? அம்மா ஒருதடவைகூட இதைச் சொன்னதில்லை.

“மீதியை முடிச்சுத் தர முடியுமாண்ணே?” என்று கேட்டேன். என்ன எழுத்து வரவேண்டும் என்றார். தாளில் எழுதிக் கொடுத்தேன். மெதுவாக வாசித்துவிட்டு, “சாமியோடதுன்னு அர்த்தமா?” என்றார். ஆமாம் என்றேன். பேரன் மிஷினை எடுத்தான். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, டப்பாவைக் கவிழ்த்துத் தேடி, பழைய புள்ளியில் சரியாக உட்காருகிற ஓர் ஆணியை எடுத்தார். கட்டையை அடியில் கொடுத்தார். ரு, டை, ய, து. சுத்தியலை அடிக்காமல் தட்டினார், அதுவும் கொஞ்சம் கோணலாக, அம்மாவின் கோணலுக்குப் பொருந்தும்படி. இப்போது பார்த்தால் எது யார் கை என்று எனக்கே சட்டென்று தெரியவில்லை. நான்கு எழுத்து, கைவேலை, 32 ரூபாய். கணக்காக வாங்கிக்கொண்டார். ஓட்டையை அடைக்கட்டுமா என்று கேட்டார், இருக்கட்டும் என்றேன்.

சகரியா தீர்க்கதரிசனத்தின் கடைசி வரிகள் அன்று முதல் மனதை விட்டுப் போகவில்லை. பிரதான ஆசாரியனின் நெற்றிப் பட்டத்தில் பொன்னில் வெட்டிய ‘கர்த்தருக்குப் பரிசுத்தம்’ என்ற அதே வார்த்தை, அந்த நாளில் குதிரையின் மணியில் இருக்குமாம். எருசலேமிலும் யூதாவிலும் உள்ள ஒவ்வொரு பானையும் கர்த்தருக்குப் பரிசுத்தமாகிவிடுமாம். சமைக்கிற பானைதான், சோறு பொங்குகிற பானைதான். வரப்போகிற ஒரு காலம் என்றே இதை வாசித்து வந்திருக்கிறேன். பசுமலையில் மண்ணெண்ணெய் அடுப்புப் பக்கத்தில், ஆணியும் அம்மிக் குழவியும் வைத்துக்கொண்டு அம்மா அந்த நாளைப் பாதிவரைக்கும் கொண்டு வந்திருக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் ஆலயத்தில் திருவிருந்துப் பாத்திரங்களைத் துலக்கிவிட்டு வந்து, அதே கையோடு எங்கள் மீன் சட்டியைக் கழுவ உட்காருவார். இரண்டுக்கும் ஒரே பொறுமை. சிறுபிள்ளையாக இதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், என்ன பார்க்கிறேன் என்று தெரியாமல்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். பேரன் கை வேகம். என் பங்குக் கிண்ணம் ஒன்றில் ஆண்டு வெட்டும்போது ஓர் இலக்கத்தைத் தப்பாகப் போட்டு, அதன் மேலேயே திருத்தினான். உற்றுப் பார்த்தால் தெரிகிறது. வெட்டியதை அழிக்க வழியில்லை. பெரியவரே வருத்தப்பட்டு அந்தக் கிண்ணத்துக்குக் காசு வாங்கவில்லை. எழுத்து நுணுக்கமாக வேண்டுமென்றால் பெரியவரிடமே கேட்டுக் கொடுங்கள். உட்கார இடம் இல்லை, படிதான். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மேல் திண்ணை முழுக்க வெயில். முகூர்த்த மாதங்களில் சீர்ப் பாத்திரங்கள் குவிந்துவிடும், அப்போது போனால் இரண்டு மூன்று நாள் கழித்து வரச் சொல்வார்கள். ரசீது தருவதில்லை. போன் நம்பர் கேட்டேன், கேட்டவுடன் பெரியவர் சிரித்தார், அவ்வளவுதான். தமிழும் ஆங்கிலமும் மட்டும் வெட்டுகிறார்கள். பூ, கொடி வேண்டுமென்றால் பெரியவர் போடுவார், சிலுவையும் போட்டுத் தந்தார், கோடு நேராக வந்தது.

மொத்தத்தில் பதினொரு பாத்திரத்துக்கும் தூக்குக்கும் சேர்த்து 300 ரூபாய்க்குள் முடிந்தது. தேக்சா போன ஞாயிறு ஆலயத்துக்குப் போனது. சபைப் போதகர் ஐயர் ஜெபம் பண்ணி வாங்கிக்கொண்டார். ஆலயப் பெண்கள் சங்கத்தார் துதிக்கை ‘னை’யை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருவர் தன் மாமியார் விட்டுப்போன அரிசி டப்பாவைத் தேடப் போவதாகச் சொன்னார்.

போக நினைப்பவர்களுக்கு: பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தே போய்விடலாம். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளில் வண்டிக்கு அனுமதி இல்லை, கனமான பாத்திரம் என்றால் கீழ மாசி வீதிப் பக்கமாக ஆட்டோவில் வருவது நல்லது. காலை பத்து மணிக்குத் திறக்கிறார்கள். ஒன்று முதல் நான்கு வரை இருக்க மாட்டார்கள். எழுத்துக் கணக்குக்குச் சரியாகச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தை நன்றாகக் கழுவித் துடைத்துக் கொண்டு போங்கள். நான் முதல் நாள் பரண் தூசியோடு அப்படியே எடுத்துப் போய்விட்டேன். பெரியவர் ஒன்றும் சொல்லாமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குழாயடியில் குத்தவைத்து, பதினொன்றையும் தன் கையால் கழுவினார்.